முதல் ஐஸில் ட்ரவுட்: மழுங்கிய ஓகரும் ஒன்றரை மீட்டர் தண்ணீரும்

கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோவிலிருந்து விடிய மூன்றரைக்குப் புறப்பட்டு, 401, 115, பிறகு 35ஆம் நெடுஞ்சாலை என்று பிடித்து, லின்ட்சேயும் மின்டனும் தாண்டி ஹாலிபர்ட்டன் காட்டுக்குள் நுழைய ஆறரை ஆகிவிடும். அங்கே, உறைந்த ஐஸில் துளை போட்டு ட்ரவுட் என்ற மீனைப் பிடிக்க நான் போகும் ஒரு சின்ன ஏரி இருக்கிறது. சுற்றி நடந்தால் ஒரு மணித்தியாலம், நடுவில் பன்னிரண்டு மீட்டர் ஆழம். பெயரை எழுதவில்லை. ஒரே காலையில் பத்துப் பேர் போய் நின்றால் தாங்காத ஏரி அது. தேடுகிறவர்களுக்கு வழி இருக்கிறது: ஒன்டாரியோ அரசின் ‘ஃபிஷ் ஆன்லைன்’ வரைபடத்தில் எந்த ஏரியில் எந்த ஆண்டு என்ன மீன் எத்தனை விட்டார்கள் என்பது வரை கிடைக்கும். நானும் அப்படித்தான் இதைக் கண்டுபிடித்தேன்.

இங்கே விடுவது ஸ்பிளேக். ஆண் புரூக் ட்ரவுட்டையும் பெண் லேக் ட்ரவுட்டையும் சேர்த்துப் பண்ணையில் உருவாக்கும் கலப்பு மீன். புரூக் ட்ரவுட்டுக்கு இங்கத்தைய ஆட்கள் சொல்லும் ‘ஸ்பெக்கிள்ட்’ என்ற பெயரின் தொடக்க எழுத்துகளும் ‘லேக்’கும் ஒட்டி வந்த பெயர். வேகமாக வளரும். ஏரியில் தானாகப் பெருகுவது அரிது, அதனால் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். இயற்கையாக வாழும் லேக் ட்ரவுட்டுக்கும் புரூக் ட்ரவுட்டுக்கும் எங்கள் மீன்பிடி வலயத்தில் டிசம்பரில் தடைக்காலம். ஸ்பிளேக்குக்கு அந்தத் தடை இல்லை. ஐஸ் பிடித்த முதல் வாரங்களில் ட்ரவுட் வேண்டும் என்றால் இதுதான் எனக்கு வழி. விதி நூல் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வருகிறது. போகிற ஏரிக்குத் தனி விதிவிலக்கு உண்டா என்பதைப் போகுமுன் பார்த்துவிடுவது நல்லது.

இந்தப் பதிவு இரண்டு பயணத்தையும் இடையில் கராஜில் கழித்த மூன்று இரவையும் பற்றியது. முதல் பயணத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவதில் இரண்டு மீன். இடையில் நடந்ததுதான் எழுத வேண்டிய விஷயம்.

முதலில் ஐஸ். கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் ஓர் ஆள் நடக்க 15 சென்ரிமீட்டர் வேண்டும் என்கிறது. பழைய மீன்பிடிகாரர் பலர் நல்ல தெளிந்த ஐஸ் என்றால் 10 போதும் என்பார்கள். எனக்கு வீட்டில் ஒன்பது வயது மகள் இருக்கிறாள். நான் 15க்குக் குறைந்தால் திரும்பிவிடுவேன். இந்தக் கணக்கும் தெளிந்த ஐஸுக்குத்தான். ஸ்னோ நனைந்து உறைந்த வெள்ளை ஐஸின் பலம் அதில் பாதி, ஆகவே இரண்டு மடங்கு தடிப்பு வேண்டும். கறுப்பாகத் தெரிகிற ஐஸ்தான் நல்ல ஐஸ். அது கறுப்பாகத் தெரிவது, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் கண்ணாடி போல இருந்து, கீழே உள்ள இருட்டுத் தண்ணீரை அப்படியே காட்டுவதால். முதல் தடவை அதன் மேல் நிற்கும்போது மனம் பதறும்.

நடக்கும்போது கையில் அலவாங்கு. இதற்கென்று உளி முனை வைத்த நீளமான கம்பி கடையில் விற்கிறது. நான் வாங்கியதும் அதுதான், ஆனால் எனக்கு அது அலவாங்குதான், வேறு பெயர் வாயில் வருவதில்லை. இரண்டு அடிக்கு ஒருமுறை முன்னால் ஓங்கி ஒரு குத்து. ஒரே குத்தில் தண்ணீர் வந்தால் வந்த சுவட்டிலேயே திரும்ப வேண்டும். ஓடை வந்து விழும் இடம், ஏரி வழியும் இடம், பீவர் கூடு, நாணல் பற்றை, கரைப் பாறை இவற்றின் பக்கம் போவதே இல்லை. ஹாலிபர்ட்டனில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கோடை வீட்டுக்காரர்கள் தங்கள் படகுத்துறையை ஐஸ் நெரித்துவிடாமல் இருக்க, தண்ணீருக்கு அடியில் குமிழி விடும் கருவி வைப்பார்கள். அதைச் சுற்றிப் பத்து அடி தள்ளியும் ஐஸ் அப்பளம் போல இருக்கும்.

கழுத்தில் இரண்டு கைமுள், ஐஸ் உடைந்து தண்ணீரில் விழுந்தால் குத்திப் பிடித்து ஏற. இதை நானே செய்தேன். தும்புத்தடிக் கம்பை ஒரு சாண் நீளத்துக்கும் கொஞ்சம் குறைவாக இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொன்றின் முனையிலும் ஆணியின் தடிப்பைவிடச் சிறிய துளை போட்டு, தலை வெட்டிய தடித்த ஆணியை எப்பொக்சிப் பசையில் தோய்த்து அடித்து இறக்க வேண்டும். ஒரு அங்குலம் வெளியே நிற்கட்டும். அதை அரத்தால் கூராக்கி, வைன் போத்தல் தக்கையைக் குத்தி மூடிவிட்டால் கழுத்தைக் கிழிக்காது. இரண்டையும் நைலோன் கயிற்றால் இணைத்து, ஜக்கெட்டுக்கு வெளியே தொங்கவிட வேண்டும். உள்ளே போட்டால் விழுந்த நேரத்தில் எடுக்க முடியாது. முதலில் துளை போடாமல் அடித்தேன், தடி நெடுக்காகப் பிளந்தது. துளை போட்டு அடித்தது மூன்று ஆண்டாக அப்படியே இருக்கிறது.

மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்ந்த தண்ணீரில் தானே இறங்கி ஆராய்ந்து சொன்ன கணக்கு ஒன்று உண்டு: ஒன்று, பத்து, ஒன்று. விழுந்தவுடன் மூச்சு இரைப்பதை அடக்க ஒரு நிமிடம். கை கால் சொன்னதைக் கேட்கும் நேரம் பத்து நிமிடம். குளிரில் நினைவு தப்ப ஒரு மணித்தியாலம். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் கைமுள். வந்த பக்கமாகத் திரும்பி, முள்ளை ஐஸில் குத்தி, காலை அடித்து, வயிற்றால் இழுபட்டு ஏறி, எழும்பாமல் உருண்டு வர வேண்டும். எங்கள் வரவேற்பறைக் கம்பளத்தில் மகளையும் சேர்த்துப் பத்துத் தடவை செய்து பார்த்திருக்கிறேன்.

இனி முதல் பயணம். டிசம்பர் மூன்றாம் வாரம். ஐஸ் 16 சென்ரிமீட்டர், முழுக்கக் கறுப்பு, ஒரு பொட்டு ஸ்னோ இல்லை. என்னோடு வந்தவர் எங்கள் தெருவில் இருக்கும் அண்ணை ஒருவர். யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பக்கம் கடலில் நின்றவர். இருபது ஆண்டாக இங்கே ஐஸில் நிற்கிறார். நான் நேராக ஏரியின் நடுவுக்குப் போனேன். ட்ரவுட் என்றால் ஆழம் என்று என் தலையில் பதிந்திருந்தது. கோடையில் அது உண்மைதான். மேல்தண்ணீர் சுட்டுப்போக, ட்ரவுட் குளிர்ச்சி தேடிக் கீழே போய்விடும்.

அங்கே நின்று ஓகரைச் சுற்றத் தொடங்கினேன். ஓகர் என்பது ஐஸில் துளை போடும் கைத்துளைப்பான். என்னுடையது ஆறு அங்குலம், கீழே இரண்டு தட்டை அலகு. சுற்றினேன், சுற்றினேன், அது ஐஸில் வழுக்கியது. அரை அங்குலம் போனதும் பிடிப்பே இல்லை. முழு உடம்பையும் மேலே போட்டு அழுத்தியபோது கரகரவென்று ஏரி முழுவதும் கேட்கும் சத்தம். வெளியே வந்தது சீவல் இல்லை, மா. அரிசிமா போல வெள்ளைத் தூள். ஒரு துளைக்குப் பதினொரு நிமிடம். நான்கு துளை போட்டதும் உள்சட்டை வியர்வையில் ஊறிவிட்டது. மறை பத்துப் பாகைக் (-10) குளிரில் வியர்ப்பது ஆபத்து. நின்றவுடன் அந்த ஈரமே குளிராக ஏறும்.

மதியம் வரை நடுவில் நின்றோம். ஒரு மீன்கூடக் கொத்தவில்லை.

திரும்பி வரும்போதுதான் அதைப் பார்த்தேன். கரையிலிருந்து பதினைந்து அடி இருக்கும். தண்ணீர் ஒன்றரை மீட்டர். கறுப்பு ஐஸ் ஊடாக அடி தெளிவாகத் தெரிந்தது: மக்கிய இலைகள், சாய்ந்து கிடந்த ஒரு சீடர் மரம், அதன் கிளைகளில் பழுப்புப் பாசி. அந்த மரத்தோடு மரமாக ஒரு நிழல். முதலில் கிளை என்றுதான் நினைத்தேன். முன் செட்டைகளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு, நூல் பிடித்த மாதிரி. வால் மெதுவாக ஒரு பக்கம் போய், மறுபக்கம் வந்தது. வாயைத் திறந்து இலைக்குப் பக்கத்தில் எதையோ எடுத்தது. நான் இன்னும் ஓர் அடி வைத்தேன். சப்பாத்தில் மாட்டிய முள்ளுச் சங்கிலி ஐஸில் கிறீச்சென்றது. இலைத் தூள் ஒரு புகை போல எழும்பியது, மீன் இல்லை.

அண்ணை பின்னால் நின்று மெல்லச் சொன்னார்: “தம்பி, காலை அடிச்சு நடக்காதையும். ஆள் கீழதான் இருக்கிறார்.”

காரில் வரும்போது அவர் அதை விளக்கினார். நான் அதற்குப் பிறகு வாசித்ததும் அதோடு ஒத்துப்போகிறது. தண்ணீருக்கு 4 பாகையில்தான் பாரம் அதிகம். இலையுதிர் காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து 4க்கு வரும்போது அது கீழே இறங்கும், கீழது மேலே வரும். ஏரி முழுவதும் ஒருமுறை கலங்கிப் புரளும். அப்போது அடிவரை ஒட்சிசன் போகும், மேலும் கீழும் ஒரே குளிராகும். அதன்பின் இன்னும் குளிர்கிற தண்ணீர் பாரம் குறைந்து மேலேயே நின்று ஐஸ் ஆகிறது. அதாவது ட்ரவுட்டை ஆழத்தில் பிடித்து வைத்திருந்த சூடு இப்போது இல்லை. அது எங்கும் போகலாம். எங்கும் போகக்கூடிய மீன் தீன் இருக்கிற இடத்துக்குப் போகும். தீன் இருப்பது கரையோரத்துப் பாசியிலும் இலையிலும் விழுந்த மரத்திலும். அதோடு ஸ்பிளேக்குக்கு இலையுதிர் காலத்தில் முட்டையிடும் உந்துதலில் கரைக்கு வரும் பழக்கம் உண்டு. முட்டை பலிக்காவிட்டாலும் பழக்கம் போகாது. ஐஸ் மூடிய முதல் சில வாரம் அது அங்கேயே சுற்றும். பிறகு ஸ்னோ மூடி, வெளிச்சம் குறைந்து, பாசி செத்து அழுகினால் நிலைமை மாறும்.

ஆனால் ஒன்றரை மீட்டர் தண்ணீரில், தலைக்கு மேலே பதினொரு நிமிடம் கரகரத்தால் எந்த மீனும் நிற்காது. அன்று விளங்கியது இதுதான்: கூர் இல்லாத ஓகர் எனக்குக் கைவலியாக இருந்தது, மீனுக்கு அது எச்சரிக்கை மணி. ஆழமான ஏரியில் மழுங்கிய அலகோடு எப்படியாவது சமாளிக்கலாம். கரையோரத்தில் முடியாது.

சரி, கராஜ்.

அலகு கெட்டது எப்படி என்று எனக்குத் தெரியும். போன மார்ச்சில் கரைக்கு மிக அருகில் துளை போட்டபோது, ஐஸ் முடிந்ததும் ஓகர் சட்டென்று இறங்கி அடி மணலில் குத்தியது. ஒரு சுற்று மணல் போதும், அலகின் உயிர் போக. அதன்பின் நவம்பரில் நானே கல்லில் தீட்டினேன். அதற்குப் பிறகுதான் இன்னும் மோசமானது. அது ஏன் என்பதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது.

முதலில் புது அலகு வாங்கப் பார்த்தேன். ஒரு கடையில் இதுதான் பொருந்தும் என்று ஒரு சோடி தந்தார்கள். வீட்டில் வந்து வைத்தால் ஆணித் துளை மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையதையே கழற்றினேன். ஆணிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்ததும் அசைந்தன. அலகைக் கையில் எடுக்குமுன் தோல் கையுறை போட வேண்டும். மழுங்கிய அலகும் விரலை நன்றாகவே வெட்டும்.

என் ஓகர் அலகுக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சரிவு. சரிவுப் பக்கம் கீழே, ஐஸைப் பார்த்து இருக்கும். கறுப்பு மார்க்கர் பேனையால் அந்தச் சரிவு முழுவதையும் பூசிவிட்டு, வைரத்தூள் கல்லில் ஒரேயொரு தரம் இழுத்தேன். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. சரிவின் நடுவில் மை அழிந்தது. கூர் விளிம்பிலும் பின் விளிம்பிலும் மை அப்படியே நின்றது. அப்போது விளங்கியது. நவம்பரில் நான் கையால் ஆட்டி ஆட்டித் தீட்டியதில் தட்டையாக இருக்க வேண்டிய சரிவை முட்டை ஓடு போல வளைத்துவிட்டேன். அலகின் விளிம்பு கூராகத்தான் இருந்தது, நகத்தில் வைத்தால் பிடித்தது. ஆனால் விளிம்புக்குப் பின்னால் உள்ள புடைப்பு ஐஸில் முட்டி, விளிம்பைத் தூக்கி வைத்திருந்தது. சறுக்கும் கட்டையின் அடிப்பக்கம் போல அது வழுக்கியது அதனால்தான். தச்சுவேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சீவுளி அலகின் கீழ்ப்பக்கம், விளிம்புக்குப் பின்னால், மரத்தைத் தொடாமல் ஒரு இடைவெளி இருந்தால்தான் அலகு கடிக்கும்.

திருத்தம் இப்படி. அலகின் இரு ஓரத்திலும், ஆணிக்குப் பக்கத்தில், ஐஸே படாத ஒரு சின்னப் பகுதி தொழிற்சாலையில் தீட்டியபடியே இருந்தது. அந்தச் சாய்வை ஒரு மட்டையில் வரைந்து வெட்டி, அதே சாய்வில் ஒரு மரத்துண்டை அறுத்தேன். இரட்டைப் பக்க ஒட்டு நாடாவால் அலகை அந்த மரச் சாய்வில் ஒட்டிவிட்டால் கை ஆடினாலும் சாய்வு ஆடாது. 400 இலக்கக் கல்லில் தண்ணீர் தெளித்து, மை முழுவதும் சீராக அழியும் வரை. இதுதான் நீண்ட வேலை, ஓர் அலகுக்கு நாற்பது நிமிடம். பிறகு 1000 இலக்கக் கல்லில் இருபது இழுப்பு. மறுபக்கம் ஒரு மெல்லிய பிசிர் எழும்பும். விரலைக் குறுக்கே வைத்தால் தட்டுப்படும். அலகைத் தட்டையாகப் படுக்க வைத்து இரண்டு இழுப்பு, பிறகு பழைய தோல் இடுப்புப்பட்டியில் பத்துத் தடவை பின்னோக்கி. பிசிர் போய்விட்டது. தட்டைப் பக்கத்தை அதற்கு மேல் தொடக் கூடாது.

பூட்டியபின் இன்னொரு பிழை. ஓர் அலகை மற்றதைவிடக் கூடுதலாகத் தேய்த்திருக்கிறேன். ஓகரை ஒரு தடித்த கண்ணாடித் துண்டின் மேல் நிமிர்த்தி வைத்து, ஒவ்வோர் அலகுக்கும் கீழே காகிதத்தைச் செருகிப் பார்த்தேன். ஒன்றில் செருகவே இல்லை, மற்றதில் தாராளமாகப் போய் வந்தது. ஓர் அலகு மட்டும் வெட்டினால் ஓகர் விக்கி விக்கிச் சுற்றும். சோடாத் தகர டின்னைக் கத்தரித்து, பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள அந்தத் தகட்டைக் கூடுதலாகத் தேய்ந்த அலகுக்கும் தாங்கிக்கும் இடையில், கூர் விளிம்புப் பக்கமாக, ஒரு மடிப்பு வைத்து முறுக்கினேன். இப்போது இரண்டும் காகிதத்தை ஒரே மாதிரிப் பிடித்தன. ஆணிக்குக் கொஞ்சம் கிரீஸ், அடுத்த முறை கழற்றுவதற்கு.

ஏரி வரை காத்திருக்க முடியவில்லை. பழைய குளிர்ப்பெட்டியில் தண்ணீர் நிரப்பிக் கொல்லையில் இரண்டு இரவு விட்டேன். மூன்றாம் நாள் காலையில் அதில் ஓகரை வைத்து, அழுத்தாமல், அதன் சொந்தப் பாரத்திலேயே சுற்றினேன். தேங்காய்ப்பூ போல நீளநீளமான சீவல் சுருண்டு வந்தது. சத்தம்? கரட் துருவும் சத்தம், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற மகள் “அப்பா, இது சர்பத் கடை ஐஸ்” என்றாள்.

இரண்டாவது வேலை கொத்தைப் பார்ப்பதற்கு. குளிர்ந்த தண்ணீரில் ஸ்பிளேக் இரையை ஓடிவந்து அடிக்காது. பக்கத்தில் வந்து நின்று மெல்ல உறிஞ்சும். பல சமயம் இரையோடு மேலே எழும்பும். அப்போது தங்கூசி, அதாவது தூண்டில் நூல், இறுகாது, தொய்யும். கைக்கு ஒன்றும் தெரியாது. இதற்குத் தூண்டில் தடியின் நுனியில் ஒரு மெல்லிய வில்கம்பி வைப்பார்கள். நான் மகளின் கிற்றாரில் அறுந்த மிக மெல்லிய கம்பியை எடுத்தேன். எட்டு சென்ரிமீட்டர் வெட்டி, மூக்குக் குறட்டால் நுனியில் ஒரு சின்ன வளையம், அதற்குப் பின்னால் ஒரு சிவப்பு மணி. தடியின் நுனியில், சூடு காட்டினால் சுருங்கும் மின்கம்பி உறையால் இறுக்கம். தங்கூசி அந்த வளையத்தினூடாகப் போகும். இரையின் பாரத்தில் கம்பி சற்றே தலை குனிந்து நிற்க வேண்டும். நேராக நின்றால் கம்பி அதிகம் விறைப்பு, கொஞ்சம் வெளியே நீட்ட வேண்டும். நன்றாகத் தொங்கினால் உள்ளே இழுக்க வேண்டும். சமையலறையில் வாளித் தண்ணீரில் இரையைத் தொங்கவிட்டுச் சரிபார்த்தேன். கீழே இழுத்தாலும் தெரிகிறது. இரையை விரலால் தூக்கினால் சிவப்பு மணி மேலே எழும்புகிறது. அந்த எழும்பல்தான் எனக்கு வேண்டியது.

இரண்டாம் பயணம், பத்து நாள் கழித்து. ஐஸ் 21 சென்ரிமீட்டர், மேலே மூன்று சென்ரிமீட்டர் ஸ்னோ. ஐஸ் தடிக்கத் தடிக்க வளர்வது மந்தமாகும், ஸ்னோ போர்வையாக மூடினால் இன்னும் மந்தம். ஆனால் அந்த ஸ்னோ எனக்கு உதவி. காலடிச் சத்தத்தை விழுங்குகிறது, என் நிழலைக் கீழே விடாமல் மறைக்கிறது. அதனால் துளை போடும் இடத்தை மட்டும் காலால் விலக்கி, போட்டதும் திரும்பத் தள்ளி மூடினேன். சங்கிலியும் தேவைப்படவில்லை.

விடியுமுன்னமே தலைவிளக்கோடு எல்லாத் துளையும் போட்டோம். அந்தச் சாய்ந்த சீடரைச் சுற்றி ஆறு, ஒரு மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் வரை. ஒரு துளைக்கு நாற்பது விநாடி. கடைசி அங்குலத்தில் ஓகரை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன், போன மார்ச் மாதிரி அடிக்கு இறங்காமல். துளையில் மிதக்கும் ஐஸ் துகளை வடை வடித்தெடுக்கும் கண்கரண்டியால் அள்ளினேன். ஆனால் ஒரு கைப்பிடி அளவு விட்டுவைத்தேன், வெளிச்சம் ஒரேயடியாகக் கீழே விழாமல் இருக்க. பிறகு கரையில் போய் அரை மணித்தியாலம் இருந்தோம். அண்ணை சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தார். ஏரி உறுமியது. குளிரில் ஐஸ் விரிந்து சுருங்கும்போது வரும் சத்தம், தூரத்தில் யாரோ தகரத்தை இழுப்பது போல. அது ஐஸ் உடைகிற சத்தம் இல்லை என்று தெரிந்தாலும் முதுகு சிலிர்க்கும்.

ஒன்டாரியோவில் பெரும்பாலான ஏரிகளில் ஐஸில் ஒருவர் இரண்டு தூண்டில் போடலாம்; தூண்டிலிலிருந்து 60 மீட்டருக்குள் நிற்க வேண்டும், அது எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒன்றில் மண்புழுத் துண்டு மட்டும், அடியிலிருந்து ஒரு சாண் மேலே, அசைக்காமல். மற்றதில் நகம் அளவு செம்பு நிறக் கரண்டித் தூண்டில், முள்ளில் அதே மண்புழுவின் ஒரு சென்ரிமீட்டர். தங்கூசி 4 இறாத்தல் பாரம் தாங்குவது. உயிருள்ள இரைமீன் கொண்டுபோகவில்லை. ட்ரவுட் ஏரிகள் பலவற்றில் அதற்குத் தடை. 2022 முதல் இரைமீனை ஒரு இரைமீன் வலயத்திலிருந்து இன்னொன்றுக்குப் பொதுவாகக் கொண்டுபோகவும் முடியாது. வேறு ஏரியின் மீனோ நோயோ இந்தச் சின்ன ஏரிக்குள் வந்துவிட்டால் விட்ட ஸ்பிளேக் எல்லாம் வீண்.

முழங்காலுக்குக் கீழே நுரைப்பாய் போட்டு மண்டியிட்டேன். கதிரை கிறீச்சிடும், பாய் பேசாது. கரண்டியை இரண்டு சாண் தூக்கி, விழவிட்டு, பத்து எண்ணும் வரை சும்மா விட்டேன். இந்தச் சும்மா விடுவதுதான் கஷ்டம். கை தானாக ஆட்டும். எட்டரை மணி அளவில், மரங்களுக்கு மேலே வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில், சிவப்பு மணி மேலே எழும்பியது. ஒரு அரிசி அளவு. நான் தடியைத் தூக்கினேன். பாரம் ஒரு கணம் இருந்தது, பிறகு இல்லை. நுனி வளையத்தில் ஐஸ் உறைந்து தங்கூசி அதில் சிக்கியிருந்தது. மீன் இழுத்தபோது ஓடாமல் இறுகி, முள் வாயிலிருந்து கிழிந்துவிட்டது.

அதற்குப் பிறகு சில நிமிடத்துக்கு ஒருமுறை தடியின் நுனியைத் தண்ணீருக்குள் தோய்த்து, விரலால் ஐஸை உருக்கினேன். தட்டி உடைத்தால் வளையமே நெளியும். கிற்றார்க் கம்பியின் வளையத்தை இன்னும் பெரிதாக வளைக்க வேண்டும். அதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஒன்பதே காலுக்கு அசைக்காத தூண்டிலின் தடி மெல்லத் துளைப் பக்கம் தலை சாய்த்தது. அண்ணை கையைத் தூக்கிக் காட்டினார், பேசவில்லை. நான் மண்டியிட்டபடியே நகர்ந்துபோய்த் தடியை எடுத்தேன். இந்த முறை தங்கூசி ஓடியது. ஒன்றரை மீட்டர் தண்ணீரில் மீனுக்குக் கீழே போக இடமில்லை, பக்கவாட்டில்தான் ஓடும். சீடர்ப் பக்கம் ஓடினால் கதை முடிந்தது. தடியின் நுனியைத் துளைக்குள் விட்டு, ஐஸின் விளிம்பில் தங்கூசி உரசாமல் பிடித்துக்கொண்டு, மூன்று முறை விட்டு மூன்று முறை எடுத்தேன். துளையில் முதலில் வந்தது அந்த வெள்ளைக் கோடு போட்ட செட்டை. கையுறையைக் கழற்றி, செவுளுக்குப் பின்னால் பிடித்து வெளியே எடுத்தேன். 34 சென்ரிமீட்டர். பச்சை கலந்த கருமை உடம்பில் மங்கலான வெள்ளைப் புள்ளிகள், முதுகில் புழு ஊர்ந்த மாதிரி வரிகள், வாலில் ஆழமில்லாத ஒரு வெட்டு. புரூக் ட்ரவுட் என்றால் வால் ஏறக்குறைய நேராக இருக்கும். அதுதான் நான் பார்க்கும் முதல் அடையாளம்.

பத்து மணிக்கு இன்னொன்று, 38. அது கரண்டியில் வந்தது, மணி எழும்பிய அடுத்த கணமே. இரண்டும் போதும் என்று தூண்டிலைச் சுருட்டினேன். அண்ணை ஒன்று பிடித்துத் திரும்ப விட்டார், ஐஸில் வைக்காமல், துளைக்குள்ளேயே முள்ளைக் கழற்றி. மறை பத்தில் வெளியே எடுத்தால் செவுள் உறைந்துவிடும் என்பார்.

வீட்டில் வந்து மீனை வெட்டும்போது இரைப்பையைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். பெரியதன் வயிற்றில் சின்ன மீன் ஒன்றுகூட இல்லை. ஒரு வெள்ளைப் பீங்கானில் தண்ணீர் விட்டு அலசினேன். இலைத் துணுக்கு, சீடரின் செதில் இலைகள் சில, ஒரு நத்தை ஓடு, அரிசியைவிடச் சிறிய தண்ணீர் இறால்கள், பிறகு தும்பியின் இளம்பூச்சிகள். மகள் அவற்றைப் பல்குத்தும் குச்சியால் பிரித்து எண்ணினாள். பதினொன்று. இரண்டில் இன்னும் கால்கள் முழுதாக இருந்தன. பச்சைப் பழுப்பு, ஒரு சின்ன விரல் நகம் அளவு. அவள் அதை நிறப்பென்சிலால் வரைந்து தந்தாள். அந்தத் தாளை கராஜில் ஓகருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்து, அதே அளவில், அதே நிறத்தில், முயல் மயிரால் ஒரு தூண்டில் கட்டத் தொடங்கியிருக்கிறேன்.